வஜ்ஜிரம் வைத்த படகு

மார்ச் 3, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார்.

நான் உங்கள் அண்ணன் மகள். ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் பழைய நோட்டில் உங்கள் முகவரி கிடைத்தது.

தாத்தா போய் ஒரு வருடம். பதினாறாம் தேதி நினைவுக் கூட்டம். தச்சு வேலையைப் போட்டுவிட்டு, தானே செய்த படகில் நாற்பது நாள் ஆற்றோடு போனது, துடுப்பால் முதலையை விரட்டியது, எல்லாம் பேசுவார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் முதலை ஓரடி வளரும். "உங்க தாத்தா ஊர் சுத்தப் போனதுல எங்க வீடு ரெண்டு மாசம் கதவில்லாம கிடந்துச்சு" என்று பால்காரர் இன்னும் சிரிப்பார்.

கூட்டத்தில் வைப்பதற்காக, பட்டறையில் முப்பது வருடம் கவிழ்ந்து கிடந்த படகை அப்பா வெளியே எடுத்திருக்கிறார். சித்தப்பா மூழ்கிய அதே படகு. பழைய பெயிண்டைச் சுரண்டுவது என் வேலை. தண்ணீர் வடிக்கும் துளையைக் கட்டையால் அடைக்க நீங்கள் மறந்ததால்தான் சித்தப்பா செத்தார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அத்தை, அந்தக் கட்டை துளைக்குள் அப்படியே இருக்கிறது. சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை.

பக்கத்துப் பலகையில் ஒரு சாண் விரிசல். அதில் மரத்தூளை வஜ்ஜிரத்தில் குழைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். பாதி கரைந்துபோயிருக்கிறது. நாற்காலிக்குப் போடும் பசை அது. தண்ணீரில் கரையும் என்று எனக்கே தெரியும். தாத்தாவுக்குத் தெரியாதா?

அப்பாவும் பார்த்தார். "வாய மூடிக்கிட்டு சுரண்டு" என்றார்.

பதிலை என் தோழியின் முகவரிக்கு அனுப்புங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பயத்துடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 9

அன்புள்ள மருமகளுக்கு,

கிழிக்க மனம் வரவில்லை. அந்த வீட்டை விட்டு வந்த பிறகு அங்கிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இது.

கட்டையை நான்தான் அடித்தேன். பன்னிரண்டு வயது. "நல்லா போடுடி, சோறு திங்கலையா?" என்று பக்கத்தில் நின்று கிண்டல் செய்தது உன் அப்பா. தம்பியைக் கரையில் கிடத்திவிட்டு, "அடைச்சியா இல்லையா?" என்று தாத்தா எல்லார் முன்னாலும் கேட்டபோது நான் உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

விரிசல் இருந்தது எனக்குத் தெரியாது. சரியாக அடித்தேனா என்று எத்தனை வருடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதலையை விரட்டிய மனிதருக்கு, அவசரத்தில் வேலையைக் கெடுத்தேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

நான் வர மாட்டேன். நீயும் எதுவும் செய்யாதே. நீ அங்கே வாழ வேண்டியவள்.

அத்தை


மார்ச் 15, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

விரிசலை அடைத்து நீலப் பெயிண்ட் அடித்துவிட்டார் அப்பா. நாளை மேடையில் நான் படிக்க இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு வரி: "மகளின் அலட்சியத்தால் கடைக்குட்டியைப் பறிகொடுத்தும் கலங்காத மாமனிதர்."

மாலையில் படித்துக் காட்டச் சொன்னார். அந்த வரியை விட்டுவிட்டேன்.

"ஒரு வரிய முழுங்கிட்ட."

"தெரியும்ப்பா."

மறுபடி படித்தேன், மறுபடியும் விட்டேன். "புள்ளைக்குக் கண்ணாடி மாத்தணும் போல" என்று அம்மா சமாளித்தாள்.

"அத்தை கட்டைய அடிக்கும்போது நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?" என்று கேட்டேன். வாய் தவறி வரவில்லை, அத்தை. கேட்க வேண்டும் என்றே கேட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டார். "அவ போயிட்டா. அப்பா பேர் போட்ட பட்டறையில நான்தானே கிடக்கேன்? அந்தப் பேர் போச்சுன்னா யார் வந்து வேலை கொடுப்பான்?" பிறகு மெதுவாக, "யார் சொன்னா?" என்றார். பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நாளை மேடையில் அப்பா பக்கத்திலேயே நிற்பார். ஆனாலும் அந்த ஒரு வரியை என் வாயால் சொல்ல—

கதவைத் தட்டுகிறார். "தூங்கலைன்னு தெரியும். பேப்பர எடுத்துட்டு வா, இன்னொரு தடவ படி." அத்தை, நான் போகிறேன், அந்த வரியை மறுபடியும் விடுவேன்.