தீ மங்கியதன் காரணம்

மச்சான்,

சிப்ஸ் வறுக்கிற பெல்லட் அடுப்பை நான் கழற்றிப் பார்த்துவிட்டேன். "மோட்டார் போயாச்சு, ஒனக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்?" என்று நேற்று நீங்கள் கேட்டது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

மோட்டார் போகவில்லை. எரிபொருளைத் தீக்குத் தள்ளும் திருகு நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் அதற்கு மேலே, எரிபொருள் பெட்டிக்குள், மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வளைவுபோல நிற்கின்றன. கீழே வெறும் பொந்து! தட்டினால் பொலபொலவென்று விழுகின்றன, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வளைந்துகொள்கின்றன. திருகுக்குக் குச்சி இறங்காததால்தான் தீ மங்குகிறது. எவ்வளவு அழகாக நிற்கின்றன தெரியுமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

சாளை மீன் கறி சட்டியில் இருக்கிறது. உம்மாவோடு குளச்சல் போகிறேன், அஸர் தொழுகைக்கு முன் வந்துவிடுவேன்.

உங்கள் ஷாஜிதா

இன்னொன்று. உங்களை மிஞ்ச வேண்டும் என்று கழற்றவில்லை. லீவு முடிந்து அடுத்த வெள்ளி நீங்கள் துபாய்க்குப் போய்விடுவீர்கள். பிறகு அடுப்பு நின்றால் நான்தானே பார்க்க வேண்டும்?

பெட்டியின் சரிவுத் தகட்டை இன்னும் செங்குத்தாக்கினால் சரியாகும் என்று தோன்றுகிறது. நான் வரும்வரை தொடாதீர்கள். ஸ்பானரை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள், போதும்.