கஞ்சன் போட்ட மார்க்

அக்டோபர் 9, வியாழன்

இன்று தலை எண்ணும் நாள். கல்வி வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து வகுப்பு வகுப்பாக எண்ணிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ அத்தனை பேருக்கு மானியம். காய்ச்சலில் கிடந்த ஒருவனை வண்டி வைத்துக் கூட்டிவந்து கடைசி பெஞ்சில் போர்வையோடு உட்கார வைத்திருந்தார் எங்கள் கல்லூரி முதல்வர். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கண்ணத் தொறந்து வச்சிருப்பா" என்று அவனிடம் கெஞ்சியதை என் காதால் கேட்டேன். எண்ணி முடித்ததும் அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

என் கணக்கு வகுப்பில் நாற்பத்தொரு பேர். பதினாறு, பதினேழு வயது. பாதிப் பேர் பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் அடி வாங்கி வந்தவர்கள். என் தங்கை மகளும் அதில் ஒருத்தி. வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. இன்று எழுந்து, "மாமா, இந்த ஸ்டெப் புரியல" என்றாள். வகுப்பே சிரித்தது.

"இங்க மாமா கிடையாது. சார்."

"சரிங்க மாமா சார்."

கொழுப்பு. அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

அரையாண்டுத் தாள்கள். இரண்டு நாளாக இதே வேலை. தோள் கழன்று விழுகிறது.

இறுக்கித்தான் போட்டிருக்கிறேன். விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு படியை விழுங்கியிருந்தால் பாதி மார்க் போச்சு. இருபத்திரண்டு வருடமாக அரையாண்டுக்கு மட்டும் இதுதான் என் வழக்கம். என்னிடம் முப்பது வாங்கினவன் பயந்துபோய்ப் படிப்பான். இறுதித் தேர்வில் ஐம்பது எடுப்பான். கஞ்சன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். எதிர் அறையில் இருக்கிற கணக்கு ஆசிரியர் தர்மப்பிரபு. தாளில் பேனா பட்டிருந்தாலே மார்க் போட்டுவிடுவார்.

வாயாடிக்கு 34. தேர்ச்சிக்கு 40 வேண்டும். மற்றவர்களுக்கு அரை மார்க் விட்டுக்கொடுத்த இரண்டு இடத்தில் அவளுக்குக் கொடுக்கவில்லை. தங்கச்சி பொண்ணுக்கு அள்ளிக் கொடுத்தான் என்று எவனும் பேசிவிடக் கூடாது பாருங்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

தாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"மாமா, மனசாட்சின்னு ஒன்னு இருக்கா உங்களுக்கு? விடை சரி. பின்னாடி செ.மீ.ன்னு யூனிட் எழுதலன்னு மூணு மார்க்கா?"

"எழுதியிருக்கணும்."

"அத்தை, இவர எப்படி இத்தன வருஷம் வச்சிக் குடும்பம் நடத்துறீங்க?"

என் மனைவி, "எனக்கே இன்னும் பாஸ் மார்க் போடல" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்காரனுக்கு என்ன மரியாதை.

போகும்போது மெதுவாகக் கேட்டாள்: பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், இந்த வருடம் கணக்கில் தேறினால்தான் அது கைக்கு வரும், தேறிவிடுவாளா? போய்ப் படி என்றேன். அவள் தேறிவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் படிக்க மாட்டாளே.

டிசம்பர் 11, வியாழன்

வாயாடி யூனிட் எழுத ஆரம்பித்துவிட்டாள். வயதைக் கேட்டால்கூட 'வருடம்' சேர்த்துச் சொல்கிறாள். என் வைத்தியம் வேலை செய்கிறது.

ஜனவரி 12, திங்கள்

கூட்டம். முதல்வர் அறையில் பெரிய திரை, பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற புள்ளிவிவரக்காரப் பெண், மடியில் கம்ப்யூட்டர்.

வாரியத்தின் புது விதியாம். ஒரு பாடத்தில் தேர்ச்சி எண்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் அடுத்த வருடம் அந்தப் பாடத்துக்கு மானியம் பாதி. போன வருடம் கணக்கில் எழுபத்தொன்று. திரையில் ஒரு பட்டியல் வந்தது. அரையாண்டில் நாற்பதுக்குக் கீழே வாங்கினவர்கள். தர்மப்பிரபு வகுப்பில் இரண்டு பேர். என் வகுப்பில் பதினேழு.

இந்தப் பதினேழு பேரும் "தாங்களாகவே" தேர்விலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு படிவம். பெயர் விருப்ப விலகல்.

"எழுதினவங்கள்ல எத்தன பேர் பாஸ்னுதான் சார் பாப்பாங்க. எழுதாதவங்க கணக்குலயே வரமாட்டாங்க" என்றது அந்தப் பெண். அக்டோபரில் எண்ணிய தலைக்கு வந்த மானியம்? அது வந்தது வந்ததுதானாம். ஆக, காசுக்கு இந்தப் பிள்ளைகள் வேண்டும். தேர்வுக்கு வேண்டாம்.

நான் எழுந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அரையாண்டு மார்க் பயமுறுத்துவதற்காகப் போடுவது, இதில் முக்கால்வாசிப் பேர் தேறிவிடுவார்கள் என்றேன்.

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்க போட்ட மார்க் பொய்யா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். தர்மப்பிரபு கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். நான் உட்கார்ந்தேன்.

பட்டியலில் ஒன்பதாவது பெயர் வாயாடி.

ஜனவரி 13, செவ்வாய்

பிள்ளைகளிடம் காட்டிவிட்டுத் திருப்பி வாங்கி வைத்திருந்த பதினேழு தாளையும் ராத்திரி மறுபடி திருத்தினேன், ஊரில் எல்லோரும் திருத்துகிற மாதிரி. பதிமூன்று பேர் நாற்பதைத் தாண்டினார்கள். வாயாடிக்கு 47.

காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் தாளைத் தொடவே இல்லை. "மார்க்க டிசம்பர்லயே பூட்டியாச்சு சார். தொறக்கணும்னா, தெரிஞ்சே கொறச்சுப் போட்டேன்னு நீங்க வாரியத்துக்கு ஒரு கடிதம் குடுக்கணும். அப்புறம் விசாரணை வரும்." நல்ல பெண்தான். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இன்னும் எத்தன வருஷம் சார் இருக்கு?" என்று கேட்டாள்.

மூன்று வருடம். பிறகு ஓய்வூதியம்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய" வரைக்கும் வந்தது.

ஜனவரி 19, திங்கள்

பிள்ளைகளிடம் யார் பேசுவது? நான்தான் பேச வேண்டுமாம். "உங்க வாயால சொன்னா நம்புவாங்க சார். நீங்க மார்க் விஷயத்துல பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார் முதல்வர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இன்று ஆறு பேர். ஒவ்வொருவராக என் அறைக்கு. இந்த வருடம் வேண்டாம், நன்றாகத் தயார் செய்து அடுத்த வருடம் எழுது. ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு படிவத்தை வாங்கிப் போனார்கள். ஒருவன், "நேரா சொன்னதுக்குத் தேங்க்ஸ் சார்" என்றான். நேராக!

ஜனவரி 21, புதன்

பதினாறு பேர் முடிந்தது. பதினைந்து பேர் சரி என்றார்கள். நெட்டைப் பெண் ஒருத்தி மட்டும், ஆறடிக்கு இரண்டு விரல் குறைவாக இருப்பாள், படிவத்தைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "விருப்பம்னு போட்டிருக்கு சார். எனக்கு விருப்பம் இல்ல." ஃபெயிலானால் ஆகட்டும், எழுதத்தான் போகிறாளாம். அரையாண்டில் 29. சட்டப்படி யாரும் அவளை ஒன்றும் செய்ய முடியாது. எனக்கே இது தெரிந்திருந்தும் ஒருவரிடமும் சொல்லவில்லையே?

பாக்கி ஒருத்தி. நாளைக்கு.

ஜனவரி 22, வியாழன்

வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன மாமா, உங்க மூஞ்சியே சரியில்ல" என்றாள்.

சொன்னேன். மற்ற பதினாறு பேரிடம் சொன்ன அதே வார்த்தைகள். மனப்பாடம் ஆகிவிட்டது.

அவள் பேசவே இல்லை. வாயாடி. படிவத்தை மடித்தாள், பிரித்தாள். தனியாக எழுத முடியுமா என்று கேட்டாள். தனித்தேர்வர்களுக்கு இந்த வருடம் தேதி முடிந்துவிட்டது என்றேன். அப்போது அந்த ஆஸ்பத்திரி இடம்? அடுத்த வருடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். கேட்டால் கொடுப்பார்களா என்று எனக்கென்ன தெரியும்?

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நெஜமா சொல்லுங்க. நான் எழுதுனா ஃபெயிலாயிடுவேனா?"

இல்லடி, பாஸாயிடுவ. சொல்லியிருக்கலாம். ரெண்டே வார்த்தை. எவன் கேட்கப் போகிறான், கதவு சாத்தித்தானே இருந்தது. என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"இங்க மாமா இல்ல. சார். ஆமா, ஃபெயிலாயிடுவ."

தங்கச்சி பொண்ணை மட்டும் விட்டுவிட்டான் என்று பேச்சு வந்துவிடுமே. அதுதான் பயம். அரையாண்டில் அவளிடமிருந்து அந்த அரை மார்க்கைப் பிடுங்கிய அதே பயம். வேறு காரணம் ஒன்றும் கிடையாது. இங்கே எழுதும்போதாவது பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

"சரிங்க சார்" என்று எழுந்து போனாள்.

ஜனவரி 25, ஞாயிறு

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். தங்கை படிவத்தோடு வந்தாள். தையல் மெஷினிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறாள், தோளில் அளவு நாடா தொங்குகிறது.

"எங்க போடணும்ணா?"

"படிச்சிப் பாத்துப் போடு."

"நீ பாத்துட்டல்ல. அப்புறம் நான் என்னத்தப் படிக்கிறது."

போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த 47 தெரியும். மறுபடி திருத்திய அன்று ராத்திரி நானே சொல்லியிருந்தேன். சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வாயாடி ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறாள்.

ஏப்ரல் 20, திங்கள்

கணக்குத் தேர்வு. வினாத்தாளைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு நேர்மையான தாள் வந்ததில்லை. ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

போயிருக்கவே கூடாது. வினாத்தாளை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். சும்மா எழுதிப் பார், பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றேன். வாயாடி ஒன்றும் கேட்காமல் வாங்கி, துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். மூன்று மணி நேரம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய செய்தித்தாளை நாலு முறை படித்தேன்.

அங்கேயே திருத்தினேன். இறுக்கித்தான் திருத்தினேன். குறைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திருத்தினேன், எனக்கென்ன மறைக்க வேண்டியிருக்கிறது. முப்பத்தெட்டு வந்திருந்தால் அன்று நான் சொன்னது உண்மையாகியிருக்கும்.

57.

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள். எல்லா இடத்திலும் யூனிட் எழுதியிருந்தாள்.

"அன்னிக்கு உங்களக் கேட்டேன்ல."

"ம்."

"உங்களுக்குத் தெரியும்ல?"

நான் பேனாவை மூடிக்கொண்டிருந்தேன். மூடி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தாள். டீ வந்தது. தங்கைதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூன் 15, திங்கள்

ரிசல்ட். என் வகுப்பில் எழுதினவர்கள் இருபத்தைந்து, தேறினவர்கள் இருபத்து நாலு. தொண்ணூற்றாறு சதவீதம். நெட்டைக்கு 52. ஃபெயிலான ஒருவன் பட்டியலிலேயே இல்லாதவன், அரையாண்டில் என்னிடம் 44 வாங்கினவன்.

முதல்வர் மேடைக்குக் கூப்பிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். "கஞ்சன் கையிலேருந்தே தொண்ணூத்தாறு" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல். மானியம் முழுசாக வருகிறதாம், வாசலுக்குப் புது கேட் போடப் போகிறார்கள்.

பத்திரத்தைப் பீரோ மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மனைவி அதைத் துடைப்பதுகூட இல்லை.

அக்டோபர் 29, வியாழன்

இந்த வருட அரையாண்டுத் தாள்களைப் போன வாரமே திருத்திக் கொடுத்துவிட்டேன். நாற்பத்து மூன்று பேர். நாற்பதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. நான் போட்ட மார்க்தான். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கூசக்கூட இல்லை. தர்மப்பிரபு கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மார்க் வந்த மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் தொடவில்லை.

பிப்ரவரி 7, ஞாயிறு

தங்கை வீடு. வாயாடி கடையிலிருந்து வந்ததும் தையல் மெஷினைத் தள்ளிவிட்டு அந்த மேஜையில்தான் படிக்கிறாள். தனித்தேர்வராகப் பணம் கட்டியிருக்கிறாள், அவள் சம்பளத்தில். சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க, புக்ல இருக்கு" என்றாள். ஏப்ரலுக்கப்புறம் என்னை மாமா என்றும் கூப்பிடுவதில்லை, சார் என்றும் கூப்பிடுவதில்லை. அவள் அம்மாவிடம்கூட "உங்கண்ணன் வந்திருக்காரு" என்றுதான் சொல்கிறாள்.

தங்கைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜூன் 14, திங்கள்

தனித்தேர்வர் ரிசல்ட் காலை பத்து மணிக்கு. வகுப்பில் நின்றுகொண்டு சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மத்தியானம் மனைவி போன் செய்தாள். அவளுக்குப் பத்து மணிக்கே வாயாடியின் மெசேஜ் வந்துவிட்டதாம். "அத்தை, பாஸாயிட்டேன், அறுபத்தி மூணு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி சீட் கேக்கப் போறேன், நீங்களும் கூட வரணும்." அதை மூன்று தடவை படித்துக் காட்டினாள்.

எனக்கு சாயங்காலம் நாலே முக்காலுக்கு வந்தது. கல்லூரி விட்ட பிறகு, புது கேட் பக்கத்தில் நின்று படித்தேன்.

"சார், கணக்கில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். 63 மதிப்பெண். நன்றி."

யூனிட் எழுதியிருக்கிறாள்.