காது மெஷினைக் கழற்றும் முன்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம், நீயும் நன்றாக இருக்க வேண்டும், அந்த வேண்டுதலில் ஒரு குறையும் வைக்கவில்லை. மற்றபடி உன்மேல் எனக்குக் கோபம். போனில் ஆரம்பித்தால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். கடைசிவரை படி.

வெள்ளிக்கிழமை தங்கைக்குக் காதில் ஆபரேஷன், ஒரு நாள் வந்துவிட்டுப் போ என்றால், சின்ன ஆபரேஷன்தானேம்மா, நான் வந்து என்ன பண்ணப்போறேன், இவ்வளவு சென்சிடிவா இருக்காத, கொஞ்சம் சென்சிபிளா யோசி என்று பதில் போடுகிறாய். யாரிடம்? உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு போய் டிகிரி பரீட்சை எழுதியவளிடமா? எனக்கா வித்தியாசம் தெரியாது? ஆபீசில் லீவு சொல்லியாயிற்று, ரத்தப் பரிசோதனை முடிந்தது, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தாயிற்று, பை வாசலில் தயாராக இருக்கிறது. இது சென்சிபிள். அந்தப் பையின் ஜிப்பை மூடிய பிறகும் மூன்று தடவை திறந்து அவள் சட்டையைத் தடவிப் பார்த்தேனே, அது சென்சிடிவ். ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்று உனக்கு யார் சொன்னது? தெரியும், உங்கள் கால்நடை ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர். ஒரு நாய் செத்ததற்கு நீ அழுதாய் என்று எல்லார் முன்னாலும் அவர் எரிந்து விழுந்த அதே வார்த்தைகள். அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, இவரெல்லாம் மனுஷனாம்மா என்று விம்மினாயே, இன்றைக்கு அவர் வாயை இரவல் வாங்கி என்னிடமே பேசுகிறாயா? அந்த நாய்க்கு மருந்தைச் சரியாக அளந்ததும் நீதான், பயப்படாதடா என்று அதன் காதைத் தடவிக்கொடுத்ததும் நீதான். அந்தப் பெண்ணைத்தான் நான் பெற்றேன். இந்தப் புதியவள் யார்? அவளுக்கு வேலை இருக்கும், விடு என்றார் உன் அப்பா. அவருக்கும் சேர்த்துத்தான் திட்டு விழுந்தது, இப்போது பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்.

உன் தங்கை, நம் வாலு, இதுவரை அழவில்லை. நேற்று நர்ஸ், ஆபரேஷன் அறைக்குள் போகும் முன் காது மெஷினைக் கழற்றிவிடுவோம் என்றதும், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் எனக்கு எதுவும் கேக்காது, அக்கா வந்து பேசுனதுக்கப்புறம்தான் கழட்டணும் என்றாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ வரமாட்டாய் என்று நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. வேண்டுமானால் நீயே சொல்லிக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் இரு. வியாழக்கிழமை இரவு ரயிலில் இடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். இதுவும் சென்சிபிள்தான்.

கோபம் கொஞ்சமும் தணியாத,
உன் அம்மா