சிங்கனும் சுகம்

சிவமயம்

குளுவாங்
பவ வருஷம் கார்த்திகை 5

அன்பு மகள் தங்கரத்தினத்துக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இவ்விடம் நானும் உன் ஐயாவும் சுகம், பசுவும் கன்றும் சுகம், இனித் துணிந்து எழுதலாம் என்றபடியால் எழுதுகிறேன், சிங்கனும் சுகம். அவ்விடம் நீயும் மருமகனும் என் குஞ்சு ஞானமும் உன் மாமியாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னுடைய இரண்டு கடிதமும் கிடைத்தது. அம்மாவுக்குக் கையிலே நோவோ மனதிலே நோவோ, ஒரு வரி எழுதக் கூடாதோ என்று கோபித்து எழுதியிருந்தாய். கோபிக்காதே பிள்ளை. முதல் கடிதத்தின் அடியில் ஞானம் தன் கையாலே ரம்புத்தான் பழமளவு எழுத்தில் சிங்கன் சுகமா என்று எழுதியிருந்தாளே, அதுதான் காரியம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளுடைய பேத்தி ஆறு வயது முடியுமுன் கப்பலேற்றிக் கேள்வி அனுப்புகிறாள் என்று அந்தக் கடிதத்தை இந்த ரோட்டில் நான் காட்டாத வீடில்லை, கோயிலிலும் கொண்டுபோய்க் காட்டினேன். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் எதிரே எங்கள் நாய் சிங்கன் கிடக்கிற கிடை தெரிகிறது. பிள்ளை எழுதின முதல் கேள்விக்குப் பொய் எழுத எனக்குக் கை போகவில்லை. அதுதான் இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்தேன்.

மாமியாருக்குச் சுகமில்லை என்று நீங்கள் ஊருக்குக் கப்பலேறின பிறகு அது மெலியத் தொடங்கினது. பிள்ளையைக் காணாத ஏக்கம் என்று முதலில் நினைத்தேன். நீ பழக்கின மாதிரியே சோறும் பருப்பும் மோரும்தான் வைத்தேன், ஒரு நேரமும் தப்பவில்லை, ஆனாலும் மயிர் தும்புபோல உதிர்ந்தது, தோலெல்லாம் புண், பேந்து பின்னங்கால் எழும்பவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன், வைரவருக்கு வடைமாலை நேர்ந்தேன். கடைசியில் தோட்டத்து மாடுகளைப் பார்க்க வந்த மாட்டு டாக்குத்தரை ஐயா வழியிலே மறித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். மதராஸ்காரர், நல்ல மனுஷன். சிங்கனுடைய வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தப் பல்லைப் பார்த்த பிறகுமா பருப்புச்சோறு போடுறீங்க, இறைச்சி குடுங்க, இல்லேன்னா அடுத்த தடவை நான் வரும்போது இது இருக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஐயாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேணும். தீட்சை வாங்கின நாள் முதல் உள்ளியையும் வீட்டுக்குள் விடாத மனுஷன் அல்லவா. என்ர உயிர் உள்ளமட்டும் கந்தப்பு வீட்டு அடுப்பிலை இறைச்சி ஏறாது, ஒரு சட்டியிலையும் வேகாது என்று கையை உயர்த்திச் சத்தியம் பண்ணினார். டாக்குத்தர் கை கழுவிக்கொண்டே, உங்களை யாருங்க வேகவைக்கச் சொன்னது, பச்சையாத்தான் குடுக்கணும், வேகவைச்சா பாதிப் பலன் போயிடும் என்றார். உயர்த்தின கையை எங்கே இறக்குவதென்று தெரியாமல் ஐயா நின்றார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தேன், கடவுளுக்குப் பொதுவாய்ச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, அடுப்புத் தப்பினது, ஆனால் ஆர் கொண்டுவருவது ஆர் தொடுவது. பாசாரில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருக்கிற சாதிக் பாட்சாவை உனக்கு நினைவிருக்கும், அவருடைய சைக்கிள் மணியை அடிக்கத்தானே சின்னதில் நீ வேலிப் படலைக்கு ஓடுவாய். இப்போதும் காலையில் எங்கள் வேலியோரமாய்த்தான் போகிறார். மறித்துச் சங்கதியைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு, கொண்டாந்து குடுக்கிறது பெரிசில்ல ஆச்சி, ஆனா உங்க ஆளு மூக்கு என் கையில பட்டுச்சுன்னா நான் ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணப் போட்டுக் கழுவணும், அப்புறம் எப்ப நான் கடை திறக்கிறது என்றார். உன்ர பொட்டலம் என்ர கையிலை பட்டால் நான் தலை முழுக வேணும் தம்பி, பேந்து எப்ப நான் உலை வைக்கிறது என்றேன் நான். வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்று நல்லாய்ச் சிரித்தோம். அவர் நாயைத் தொடக்கூடாது, நான் இறைச்சியைத் தொடக்கூடாது, நடுவிலே கிடக்கிறதுக்குப் பசிக்கக்கூடாது. அவரே வழி சொன்னார். ரோட்டுப் பக்கத்து ரம்புத்தான் மரத்துக் கொப்பில் கம்பிப்பிடி போட்ட தகரப் பேணி ஒன்றைத் தொங்கவிட்டோம். போகிற போக்கில் அவர் இலைப்பொட்டலத்தை அதற்குள் போட்டு மணியை அடித்துவிட்டுப் போவார். நான் முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியால் பேணியைக் கொழுவி எடுத்துச் சிங்கனுக்கு முன்னால் கவிழ்ப்பேன். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கு முன்னமே, உங்க வாசலுக்கு மாடு வராது ஆச்சி, இது என் வாக்கு என்று சொன்னார். நான் கேட்கவுமில்லை.

முதல்நாள் சிங்கன் மணந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது, பருப்பு எங்கே என்று கேட்கிறதுபோல. டாக்குத்தர் சொன்னபடி சோற்றைக் குறைத்துக் குறைத்து இறைச்சியைக் கூட்டினேன். இரண்டொரு நாள் தின்றதைச் சத்தி எடுத்தது. பாட்சா வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, பல்லுக்கு இன்னும் வேலை தெரியல ஆச்சி, நான் பொடிசா வெட்டித் தாரேன் என்று கொழுப்பை எடுத்துவிட்டுக் கொத்திக் கொண்டுவந்தார். தன் பிள்ளைக்கு ஊட்டுகிறவன் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாய் எழும்பினது, புண் காய்ந்தது, புது மயிர் வெல்வெட்டுப்போல வந்தது, ஒருநாள் தபால்காரனைப் பார்த்துக் குரைத்தது. குரைத்ததற்காக நான் அவனுக்கு மோர் கொடுத்தேன். ஐயா மட்டும் ஒன்றும் காணாதவர்போல நாற்காலியை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுப் பேப்பர் படிப்பார், படித்துக்கொண்டே, அந்தச் சனியன் தின்றதோ என்று கேட்பார்.

இப்படிப் போகையில் கந்தசட்டியும் வந்தது, பாட்சாவுக்குக் காய்ச்சலும் வந்தது. இரண்டு நாளாய் மணிச் சத்தமில்லை, பேணி வெறுமை. சோறு வைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை, மழையில் நனைந்துகொண்டு மரத்துக்குக் கீழே இருந்து பேணியையே பார்த்தது. பழையபடி கால் விழுந்துவிடுமோ என்று நாளுக்கு நாலு தடவை படலைக்குப் போய் ரோட்டைப் பார்த்தேன். வேறு ஆரிடம் சொல்லலாம், ஐயாவிடம் சொல்லலாமோ, அவர் பாலும் பழமுமாய் விரதம். மூன்றாம் நாள் காலை அவர் தானாகவே, அந்த மனுசனுக்குக் காய்ச்சலாம், மல்லித்தண்ணி கொதிக்கவைச்சுத் தா, குடுத்துவிட்டு வாறன் என்று செம்பையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். நானும் அதற்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த கோலத்தை எப்படி எழுதுவேன். கொட்டுகிற மழை, குடை கையிலே இருக்கிறது, விரிக்கவில்லை. முனையைப் பிடித்து ஒரு கை தூரத்துக்கு நீட்டிக்கொண்டு வருகிறார், அதன் வளைந்த பிடியிலே இலைப்பொட்டலம் ஆடுகிறது. விபூதியெல்லாம் கரைந்து ஓடுகிறது. பாட்சாவின் வீட்டிலே கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் ரோடு முழுக்க இப்படியே நடந்து வந்திருக்கிறார். கோயில் தனாதிகாரி ஏரம்பமூர்த்தி விறாந்தையில் நின்று, என்ன கந்தப்பு அண்ணை, சட்டி விரதம் குடையிலை தொங்குதோ என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டாராம். விரதம் எனக்கு, நாய்க்கில்லை என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்தாராம். பொட்டலத்தைப் பேணிக்குள் சரித்தார், கிணற்றடியில் முழுகினார், சாமியறைக்குள் போய் இருந்துவிட்டார். பேணியை எடுத்து நான் கவிழ்த்தேன், சிங்கன் தின்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. பாட்சாவின் பெண்சாதி மீரா பீவி எங்கள் செம்பைப் புளிபோட்டு விளக்கி, வெறுஞ்செம்பாய் அனுப்பாமல் கற்கண்டு போட்டு, விரதம் முடிஞ்சதும் பாலில போட்டுக் குடிங்க அண்ணே என்று சொல்லிவிட்டிருக்கிறாள். ஐயா விரதம் முடித்துப் பாறணை செய்தது அந்தக் கற்கண்டுப் பாலில்தான். பாட்சா இப்போது நல்ல சுகம், நேற்று மணி கேட்டது. இந்த மனுஷருக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்வேன் பிள்ளை, முருகன்தான் அவர்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைத்திருக்க வேணும்.

ஆனபடியால் தையில் வரும்போது நல்ல பனங்கட்டியாய்ப் பார்த்து இரண்டு பெட்டி கொண்டு வா, ஒன்று மீரா பீவிக்கு, எங்களுடையதை அவிழ்க்க முன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேணும். கப்பலில் ஞானத்துக்குத் தலைசுற்றும், ஊறுகாய்த் தேசிக்காய் கைவசம் வைத்திரு. மாமியார் வருத்தத்தில் ஏதும் கடுமையாய்ச் சொன்னாலும் மறுத்துக் கதைக்காதே. ஞானத்தை மடியில் வைத்து இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. சிங்கன் சுகம், நாலு காலிலும் நிற்கிறது, உன் பெயரைச் சொன்னால் படலைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறது என்று அம்மம்மா எழுதியிருக்கிறா என்று சொல்லு. இப்போது எழுதுவதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

நல்லூர்க் கந்தன் உங்கள் எல்லாரையும் ஒரு குறையுமில்லாமல் காத்துக் கரைசேர்க்கட்டும். மற்றது, மறக்காமல் ஐயாவுக்கு ஒரு நல்ல கறுப்புக் குடை வாங்கி வா. அந்தப் பழைய குடையை அவர் வீட்டுக்குள் எடுக்கவில்லை, பேணிக்குப் பக்கத்தில் கொப்பிலே கொழுவி விட்டார். கழுவித் தரட்டோ என்று கேட்டேன். வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும், பாட்சாவுக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்தால் தேவைப்படும் என்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவைப் படலையில் பார்த்திருக்கும் அம்மா,
கந்தப்பு செல்லப்பாக்கியம்