மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தம் பார்த்த விபரம்

முருகன் துணை

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜனகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அப்பாவின் சர்க்கரை இன்று காலை ஆறு புள்ளி எட்டு, என் முழங்கால் மட்டும் சுகமில்லை, காரணம் பின்னால் வருகிறது. உன் ஊர் டனீடினில் குளிர் இறங்கியிருக்கும், நீயும் சுகமாயிருக்கக் கந்தசாமியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

போன ஞாயிறு காலை பத்து மணிக்கு உனக்கும் உன் புது மோட்டார் சைக்கிளுக்கும் பொருத்தம் பார்த்தபோது நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: அப்பா, சுபாங் ஜெயாவிலிருந்து சிவநேசன் பெரியப்பா, பிரிக்பீல்ட்ஸிலிருந்து என் அண்ணி அமுதவள்ளி மாமி, காப்பாரிலிருந்து ஜோசியர் சுகுமாறன், நான். ஆக ஐந்து பேர். மோட்டார் சைக்கிள் வரவில்லை, அதன் படம்தான் இருந்தது. அப்பா அதைப் பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை உட்கார வைப்பதுபோல நல்ல நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார். நீ சிரிக்காதே, இது உன் வாயால் வந்த வினை. இத்தாலியிலிருந்து இறங்கிய மோட்டாரை வாங்கிவிட்டு, 'அப்பா வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா வித்துடறேன்' என்று சொன்னவள் நீ, சொன்னால் செய்கிறவள் என்பதும் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, சரி என்று சொல்லத் தைரியம் வரவில்லை. முப்பது வருடம் அரசாங்கத்தில் இருந்தவர், தன்னால் முடியாத கோப்பை மேலே அனுப்பித்தான் பழக்கம், இந்தக் கோப்பைக் கிரகங்களுக்கு அனுப்பிவிட்டார். பொருந்தினால் நீ வைத்துக்கொள்ளலாம், பொருந்தாவிட்டால் விற்க வேண்டும் என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டு வேறு சொல்லியாயிற்று.

மாமி வந்ததும் வராததுமாக, 'ஏன் கனகம், பல் டாக்டர் மோட்டார்ல வந்து இறங்கினா யாரு வந்து வாயைத் திறப்பாங்க? சின்னதா ஒரு மைவி கார் எடுத்திருக்கலாம் லா' என்றார். அந்த ஊரில் மைவி கிடைக்காது அண்ணி என்றேன். 'மைவி கிடைக்காத ஊர்ல பிள்ளைக்கு என்ன வேலை?' என்று கேட்டார். பெரியப்பாவுக்கு மோட்டார் மேல் கோபமில்லை, இத்தாலி மேல்தான் கோபம். எப்போதோ சுற்றுலா போன இடத்தில் அவர் குடை தொலைந்துவிட்டதாம். 'ஒரு குடையைப் பத்திரமாத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவன், அவன் பிரேக்கை எப்படி நம்புறது?' என்கிறார். சுகுமாறன் வந்தது தன் பழைய கப்சாய் மோட்டாரில்தான். ஒரு பக்கம் கண்ணாடி கிடையாது, ஹெல்மெட் பட்டி கட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டு வந்தது. உன் உயிருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று சொல்ல வந்தவர் அவர். தேநீர் குடித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். பொருத்தம் பார்க்கிற அந்தக் கணினி, மாப்பிள்ளை பக்கம் எல்லாக் கட்டமும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. தகப்பன் பெயருக்குக் கம்பெனிப் பெயரைப் போட்டார்கள். தொழில் என்ற இடத்தில் 'போக்குவரத்து' என்று போட்டார்கள். நிறம் சிவப்பு என்றதும் மாமி முதல் தடவையாகத் திருப்தியாகத் தலையாட்டினார். உயரம் என்ன என்று கேட்டபோது எல்லாரும் முழித்தோம், அப்பா மட்டும் யோசிக்காமல், 'சீட் உயரம் எண்பத்திரண்டு சென்டி, எடை நூற்று எண்பத்தெட்டு கிலோ' என்றார். வேண்டாம் என்று சொல்லலாமா என யோசிக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு மனப்பாடமோ.

சண்டை வந்தது பிறந்த நேரத்தில்தான். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நேரம்தான் பிறப்பு என்றார் பெரியப்பா. கப்பலிலிருந்து தரையில் இறக்கிய நேரம்தான் என்றார் மாமி, பிள்ளையும் தண்ணீரிலிருந்துதான் வருகிறதாம். இரண்டு நேரமும் யாருக்கும் தெரியாது. கடைசியில் சுகுமாறன், 'சாவி எப்ப கைக்கு வந்துச்சோ அதுதான் ஜென்ம நேரம் அங்கிள், அதுக்கு முன்னாடி அது வெறும் இரும்பு' என்று தீர்ப்புச் சொன்னார். உடனே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ சாவி வாங்கிய கையோடு கூப்பிட்டது என்னைத்தான், நான் எதையும் நோட்டில் எழுதி வைப்பவள் என்பதும் ஊருக்கே தெரியும், சமையல் கேஸ் தோம்பு மாற்றிய நாள் முதல் அதில் இருக்கிறது.

ஜனகா, இனி எழுதப் போவதை வாட்ஸ்அப்பில் எழுத முடியாது, அப்பா தன் போனோடு சேர்த்து என் போனையும் படிக்கிறார், அதனால்தான் கடிதம். நோட்டில் இருப்பது இதுதான்: 'காலை 7.25, அங்கே 11.25. ஜனகா சாவி வாங்கினாள். சிரித்தாள்.' அடுப்படியில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைக்கு ஏழு மணி இரண்டு நிமிடம் வரை உத்திரம், அதற்குப் பிறகு அஸ்தம் என்று போட்டிருந்ததை பொருத்தம் பார்ப்பதற்கு முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். நீ ரோகிணி. உத்திரமானால் பத்தில் எட்டு பொருந்தும், அஸ்தமானால் ரஜ்ஜு தட்டும், ரஜ்ஜு இல்லை என்றால் அதோடு பேச்சு முடிந்தது, மோட்டாரை விற்க வேண்டியதுதான். கோயிலுக்குப் போய்வந்த திருநீறு நெற்றியில் காயவில்லை, நான் வாயைத் திறந்து, 'அங்கே பத்து நாற்பது' என்றேன். சுகுமாறன் உன் ஊர் நேரத்திலிருந்து நாலு மணி நேரத்தைக் கழித்தார், பெரியப்பா கூட்ட வேண்டும் என்றார், கடைசியில் கழித்தே போட்டார்கள், இங்கே ஆறு நாற்பது, உத்திரம், எட்டு வந்தது. மாமி, 'ஜாதகம் கேட்ட மனுசனுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்னு சொன்னா உன் மக, இரும்புக்கு எட்டா!' என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அப்பா எழுந்து நின்று, 'நான் அப்பவே சொன்னேன்' என்றார். என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். முருகனை நான் சந்தேகிக்கவில்லை, கணக்கைத்தான் சந்தேகிக்கிறேன். இதே மேசையில் உனக்குப் பத்துக்குப் பத்து பொருந்தியவர் ஜெயகாந்தன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, 'எனக்குக் கொஞ்சம் டைம் வேணும் ஆன்டி' என்றார், இரண்டு வருடமாகியும் அந்த டைம் முடியவில்லை. அந்த இரண்டு வருடமும் ஞாயிறு தவறாமல் நீ கூப்பிட்டாய், சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், மழை என்பாய், வேறு ஒன்றும் இராது. சாவி வாங்கிய அன்றைக்குத்தான், 'அம்மா, சத்தத்தைக் கேளேன்' என்று அந்த இயந்திரத்தை உறுமவிட்டுச் சிரித்தாய். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரஜ்ஜு தட்டினாலும் பரவாயில்லை, இதை விற்க விடக்கூடாது என்று அப்போதே நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. பயம் இல்லை என்று நினைக்காதே. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அது கிள்ளான் ஆம்புலன்ஸ் என்பதுகூட மறந்து போகிறது.

பொய் சொன்னதற்குப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் நேர்ந்தேன். முப்பத்தொன்றில் முழங்கால் நின்றுவிட்டது, பாக்கி எழுபத்தேழை நாளுக்கு ஏழாகப் போட்டுப் பதினோரு நாளில் முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். அப்பாவுக்கு மட்டும், ஏன் இந்த அம்மா காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று புரியவில்லை, தைலம் வாங்கி வந்து கொடுத்தார். அதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்போது விஷயம் இதுதான். சுகுமாறன் மோட்டாருக்கு முழு ஜாதகம் எழுதிப் புத்தகமாகக் கட்டிக் கொடுக்கப் போகிறாராம், அதற்குச் சாவி வாங்கிய நேரம் உன் கைப்பட வேண்டும் என்கிறார். இந்த மாதக் கடைசியில் அப்பா உன்னைக் கேட்பார். பத்து நாற்பது என்று சொல் என நான் உனக்கு எழுத மாட்டேன், இந்த வீட்டில் ஒருத்தி பொய் சொன்னது போதும். உண்மையைச் சொன்னாலும் நான் கோபிக்க மாட்டேன், பெரியப்பா வாயிலும் மாமி வாயிலும் விழ நான் தயார். ஆனால் எந்த நேரத்தைச் சொன்னாலும், அந்த மோட்டார் ஏன் உனக்கு வேண்டும் என்று நீயே உன் அப்பாவுக்கு நாலு வரி எழுது. கிரகம் சரி என்று சொன்னதால் சம்மதித்த மனுசர் அவர், மகள் கேட்டதால் சம்மதிக்க அவருக்கு ஒரு தடவை இடம் கொடுத்துப் பார்.

மழையிலும் பனியிலும் எடுக்காதே, பஸ்ஸில் போ. கையுறை இல்லாமல் ஏறாதே. ஹெல்மெட் பட்டியைக் கட்டு, ஜோசியரைப் போல வராதே. இத்துடன் அனுப்பியிருக்கும் திருநீற்றை இருக்கைக்குக் கீழே வை, முறுக்கை நீ சாப்பிடு. நீ எங்கே போனாலும் நல்லபடியாகத் திரும்பி வீடு வந்து சேரக் கந்தசாமி கூடவே இருப்பார்.

என்ன நேரம் சொல்லப் போகிறாய் என்று அப்பாவுக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
வி. கனகேஸ்வரி