நான்காம் லேனின் நேரம்

மார்ச் 3

தலைமுடியில் குளோரின் வாடை போகவே மாட்டேன் என்கிறது. "குளத்துல கால் வைக்காமலே குளிச்சுட்டு வர்ற ஒரே ஆள் நீதான்டி" என்று அம்மா சிரித்தாள். சரிதான். நீச்சல் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, எனக்கு நீந்தத் தெரியாது.

பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில்தான் என் அறை. கூரை சரிந்து இறங்குவதால் அலமாரிப் பக்கம் போனால் குனிந்துதான் நிற்க வேண்டும். எனக்கு அது பழக்கம்தான். பிள்ளைகளின் பட்டியல், போட்டி விண்ணப்பங்கள், பத்திரிகைக்கு நாலு வரிச் செய்தி, சீசன் முடிவில் சாதனை அறிக்கை எல்லாம் என் பொறுப்பு. இதுவரை தங்கம் ஒன்பது, வெள்ளி பதினொன்று, புதிய கிளப் சாதனை இரண்டு. எண்களைப் பார்க்கும்போது நானே நீந்தி வாங்கியது போல ஒரு பெருமை.

நாளை மண்டலப் போட்டிக்கான தேர்வு. பெண்கள் நூறு மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் கிளப்புக்கு ஒரே இடம். அதற்கு இரண்டு பேர், கொக்கும் வாத்தும். கொக்குக்குக் காலும் கழுத்தும் நீளம், கரையில் நின்றால் ஒற்றைக்காலில் நிற்பாள். வாத்து குள்ளம், வாய் ஓயாது, தண்ணீரில் மட்டும் சத்தம் வராது. இருவருக்கும் வயது பதினான்கு. பட்டப்பெயர்கள் கோச் மேடம் வைத்தவை. எனக்கும் ஏதாவது வைத்திருப்பார்கள், கேட்கப் பயம்.

நேரம் எடுக்கும் ஒரு அப்பாவுக்குக் காய்ச்சல். நாலாம் லேனுக்கு என்னை நிற்கச் சொன்னார் மருந்துக்கடை அண்ணன். போட்டி நாட்களில் கடையை மூடிவிட்டு வந்து எங்களுக்குத் தலைமை நேரக்காப்பாளராக இருப்பவர் அவர். ஸ்டாப்வாட்ச்சைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "ஸ்டார்ட் விளக்கு எரிஞ்சதும் அமுக்கணும், கை சுவத்தத் தொட்டதும் அமுக்கணும். நடுவுல தப்பிப்போச்சா, உடனே கையத் தூக்கிடு. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி நீந்த விடுவோம். கை தூக்குறதுக்குக் கட்டணம் கிடையாது."

மார்ச் 4

கை தூக்கியிருக்கலாம்.

மார்ச் 5

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

நேற்று நாலாம் லேனில் கொக்கு, ஐந்தாம் லேனில் வாத்து. விளக்கு எரிந்ததும் சரியாகத்தான் அமுக்கினேன். கடைசி இருபது மீட்டரில் இரண்டு பேரும் ஒரே கோட்டில் வந்தார்கள். மல்லாந்து நீந்துகிறவர்களுக்குச் சுவர் தெரியாது, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்றும் தெரியாது. பார்க்கிற எனக்குத்தான் மூச்சு நின்றது. நான் நுனிக்காலில் எழும்பி நின்றிருந்தேன். கொக்கின் கை சுவரைத் தொட்டது. நான் கைதட்டினேன்.

ஆமாம், கைதட்டினேன். வாட்ச் உள்ளங்கைக்குள் இருக்கும்போதே. பிறந்ததிலிருந்து நாலு பேருக்கு நடுவே சத்தம் எழுப்பாதவள், நேற்றுப் பார்த்துத்தானா?

குனிந்து பார்த்தால் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 1:21, 1:22.

பக்கத்து லேனில் "ஒண்ணு பதினாறு முப்பத்தொண்ணு" என்று வாத்தின் நேரத்தைச் சொன்னார்கள். ஒரு நிமிடம், பதினாறு விநாடி, சொச்சம். மருந்துக்கடை அண்ணன் அட்டையோடு என்னிடம் வந்தார். கை தூக்க வேண்டும். தோள் வரைக்கும் வந்தது, சத்தியமாக. பிள்ளைகள் லேன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னால் அவர்கள் மறுபடி நீந்தணுமா? எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களா? கல்லூரியில் மூன்று வருஷம் தேர்வு எழுதினேன். கூடுதல் தாள் வேண்டுமென்று ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. ஓரங்களில் பொடியெழுத்தில் எழுதி முடித்துவிட்டு வருவேன்.

கொக்கு ஒரு கை முன்னால் தொட்ட மாதிரி இருந்ததே. இருந்ததா?

"ஒண்ணு பதினஞ்சு பத்து" என்றேன்.

மருந்துக்கடை அண்ணன் புருவத்தைத் தூக்கினார். "நிச்சயமா?"

தலையாட்டினேன்.

அடுத்த நொடி கோச் மேடம் கத்தினார். சுவர்ப் பலகையில் நாலு வருஷமாக அசையாமல் இருந்த கிளப் சாதனை 1:15.40. எனக்கு அது நினைவிலேயே இல்லை. அந்தப் பலகையை வாரம் இரண்டு முறை துணியால் துடைக்கிறவள் நான்தான்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தொட்ட மாதிரி இருந்துச்சு மேடம்" என்றாள் வாத்து. "கண்ணு ஏமாத்தும், கடிகாரம் ஏமாத்தாது" என்று சொல்லி அவள் தலையில் தட்டினார் மேடம்.

மார்ச் 9

பலகையில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதினார்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்திரிகையில் செய்தியும் வந்துவிட்டது. நான் அனுப்பிய நாலு வரி, ஒரு சொல்கூட மாறாமல். அப்பா லாரியை நிறுத்திவிட்டு நேராக அதைத்தான் கேட்டார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து, "ஒரு… நிமிடம்… பதினைந்து…" என்று படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது நீ எழுதுனதா?"

"ஆமாப்பா."

"பேரு போடலயே?"

"போட மாட்டாங்கப்பா."

"பரவால்ல. எனக்குத் தெரியுமே." கத்தரித்து, பசை தடவி, அலமாரிக் கதவில் ஒட்டினார். இனி துணி எடுக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படும்.

மார்ச் 19

வாத்து பத்து நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை. இன்று அவள் அம்மா வந்து லாக்கர் சாவியைக் கொடுத்தார். "போதும்னுட்டா. அந்தப் பொண்ணும் இவளும் கூடவே பொறந்த மாதிரி திரிஞ்சதுங்க, இப்ப அவ பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுறா. என்னன்னு கேட்டா, 'அவ எங்கயோ போயிட்டாம்மா, என்னால எட்ட முடியாது'ங்கிறா." கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். கொடுத்தேன். வேறென்ன கொடுத்தேன்? ஒன்றுமில்லை.

லாக்கரில் ஒரு நீச்சல் தொப்பியும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன.

மார்ச் 29

மண்டலப் போட்டி. ரிலேயில் வெள்ளி, சின்னப் பையன்கள் பிரிவில் இரண்டு வெண்கலம். கொக்கு ஏழாவதாக வந்தாள், 1:16.84.

அங்கே கை பட்டதும் தானே நேரம் காட்டும் மின்சாரப் பலகை. யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது வேனில் யாரோ, "ஊர்ல புலி, வெளியில எலி" என்றார்கள். சிரிப்பு. மேடம் அதட்டிவிட்டு அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "பயந்துட்டடா. ஒண்ணே முக்கால் விநாடிய எங்க விட்ட நீ?" கொக்கு ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் அவளுக்கு நேர் பின் இருக்கையில். அவள் பின்னங்கழுத்தில் தொப்பியின் தடம் சிவப்பாக இருந்தது. வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் பயப்படவில்லை. எனக்குத் தெரியும். அது அவளுடைய நல்ல நேரம். அவள் எங்கும் எதையும் விடவில்லை.

ஏப்ரல் 11

கொக்கு விடியற்காலைப் பயிற்சிக்கும் வர ஆரம்பித்துவிட்டாள். என் அறைக்கு வந்து, "அக்கா, அன்னிக்கு நான் எப்படி நீந்துனேன்? நீங்கதான பக்கத்துல நின்னீங்க. கை வேகமா சுத்துனேனா? கால் உதைச்சேனா?"

"நல்லா நீந்தினம்மா."

"அதுக்கப்புறம் பதினாறுக்குக் கீழ வரவே மாட்டேங்குதுக்கா. என் நேரம் எங்க போச்சு?"

நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறாள். முதல் வரியில் 1:15.10, சிவப்பு மையில் வட்டம் போட்டு. அதற்குக் கீழே இருபத்தாறு எண்கள், எல்லாம் அதைவிட அதிகம். வலது தோளில் வலிநிவாரணப் பட்டை.

சொல்லியிருக்கணும். அந்த நிமிஷமே சொல்லியிருக்கணும். வாயத் திறந்தேன், "தண்ணி குடிக்கிறியா"ன்னு கேட்டேன். ச்சீ.

ஏப்ரல் 12

மருந்துக்கடைக்குப் போனேன். இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். என் முறை வந்ததும் இருமல் மருந்து கேட்டேன். எனக்கு இருமல் இல்லை.

ஏப்ரல் 16

கொக்கின் தோள் தசை கிழிந்திருக்கலாம், இரண்டு வாரம் ஓய்வு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழாமல் இருந்தவள், "ரெண்டு வாரம் போச்சுன்னா பதினஞ்ச எப்படிப் பிடிப்பேன்" என்று சொல்லும்போது அழுதாள். அவளுக்கு ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

ஏப்ரல் 22

சீசன் கூட்டம். பெற்றோர், பிள்ளைகள், படிக்கட்டு முழுக்க ஆட்கள். நான் தட்டச்சு செய்து கொடுத்த சாதனை அறிக்கையை மேடம் வரி வரியாக வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். தங்கம் பன்னிரண்டு. கைதட்டல். வெள்ளி பதினாறு. கைதட்டல். "கிளப் சாதனை மூன்று. அதில் பெண்கள் நூறு மீட்டர் பேக்ஸ்ட்ரோக்…" கொக்கு மட்டும் கைதட்டவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"திருத்தம் ஏதாவது இருக்கா? இல்லன்னா அச்சுக்குப் போகுது."

கை தூக்கினேன்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு மேடம் பார்த்துச் சிரித்தார். "எழுதினவளே திருத்தம் சொல்றா பாருங்க. என்னம்மா, எழுத்துப் பிழையா?"

"அந்த நேரம் நான் எடுக்கல மேடம்."

"கேக்கல, சத்தமா."

"நான் வாட்ச்ச நிறுத்தல. கைதட்டிட்டேன். 1:15.10 நானா சொன்ன எண்ணு."

அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வாரம் சுமந்ததைச் சொல்லி முடிக்கப் பத்து விநாடிகூட ஆகவில்லை. தண்ணீர் வடிகாலில் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு அப்பா, "படிச்ச பொண்ணு" என்றார். அதற்கு மேல் வேண்டியதில்லை.

மருந்துக்கடை அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நிச்சயமான்னு கேட்டேனேம்மா."

"ஆமாண்ணே."

மேடம் என்னிடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "ஒரு கை. ஒரு கையத் தூக்க ஏழு வாரமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

கொக்கு என்னிடம் வந்தாள். "அப்போ நான் மெதுவாகலயா?" முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. ஒரே நிமிடம்தான். அப்புறம் அது போய்விட்டது. "இல்லாத ஒருத்திகூடவா நான் இத்தன நாளா போட்டி போட்டேன்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஏப்ரல் 23

வாத்தின் வீடு. இரண்டாம் மாடி. வாசலிலேயே நின்று சொன்னேன். அவள் அம்மா கேட்டுக்கொண்டு, "அன்னிக்கு எம்பொண்ணு முன்னால தொட்டாளா, பின்னால தொட்டாளா?" என்றார்.

"தெரியலங்க."

"உனக்கே தெரியல."

"இல்லங்க."

"அப்ப இனி யாருக்கும் தெரியாது." கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே வாத்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா லாரிச் சாவியைக் கையில் உருட்டினார். பிறகு அலமாரியைக் காட்டி, "அப்ப இத எடுத்துரவா?" என்றார்.

"எடுத்துடுங்கப்பா."

நகத்தால் உரித்தார். முழுசாக வரவில்லை. ஒரு வெள்ளைத் திட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

மே 6

நிறுத்தவில்லை. பலகையில் 1:15.40 என்று பழையபடி எழுத வைத்தார்கள், என் கையாலேயே. மண்டல அமைப்புக்குத் திருத்தக் கடிதமும் நானே எழுதினேன். "எங்கள் நேரக்காப்பாளரின் தவறு" என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டு "என் தவறு" என்று எழுதினேன்.

மே 17

வாத்து வந்துவிட்டாள். கொக்குதான் போய் இழுத்து வந்தாளாம். ஒரே துண்டை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு என் அறை வாசலைக் கடந்தார்கள். கொக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். வாத்து பார்க்கவில்லை.

ஜூன் 7

சீசனின் கடைசி நாள், கிளப் போட்டி. ஆள் பற்றாக்குறை. மருந்துக்கடை அண்ணன் வாட்ச்சை நீட்டினார்.

"வேண்டாண்ணே."

"வாத்து லேனுக்கு உன்ன விட மாட்டேன். அவளே கேட்டுக்கிட்டா. நாலாவதுக்கு நில்லு. கொக்கு சரின்னுட்டா."

பேக்ஸ்ட்ரோக்கில் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்துதான் புறப்பாடு. சுவரைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். அதனால் கொக்கின் முகம் நேராக என் காலடியில். நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, இன்னிக்குக் கைதட்டாதீங்க."

பக்கத்து லேன்களில் சிரித்தார்கள். என் காது சுட்டது. ஐந்தாம் லேனிலிருந்து சிரிப்பு வரவில்லை.

விளக்கு எரிந்ததும் அமுக்கினேன். நுனிக்காலில் எழவில்லை. கடைசி இருபது மீட்டர் முழுக்கச் சுவரில் ஒரே ஒரு டைலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கை வந்து அதைத் தொட்டது. அமுக்கினேன். யார் முன்னால் வந்தது என்று நான் பார்க்கவில்லை.

கொக்கு மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினாள். நான் எண்ணைச் சொல்லவில்லை. குனிந்து வாட்ச்சை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். 1:15.96.

ஐந்தாம் லேனில் 1:15.71.

சாதனை இல்லை. இருவருக்கும் இதுவரை இல்லாத நல்ல நேரம். அவர்கள் கயிற்றுக்கு மேலே கட்டிக்கொண்டார்கள், தண்ணீர் என் செருப்புவரை தெறித்தது.

அட்டையில் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, வாட்ச்சை மருந்துக்கடை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். கை காலியாக இருந்தது. எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.