எண் இல்லாத தகடு

இன்று காலை நம் வாடகைப் பாத்திரக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நீங்கள் உட்கார்ந்திருந்த அதே மேசையில்தான் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த பையன் நம் மகனுக்குத் திரையைக் காட்டி விளக்கினான். நானும் பார்க்கலாமென்று மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சுருக்குப் பைக்குள் கையை விட்டேன். விரலில் முதலில் பட்டது அந்தத் தகரத் துண்டு. அதே துரு வாசனை. நீங்கள் பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது.

“கடை, குடோன், லாரி, கணக்கு எல்லாம் ஒரே இடத்துல தெரியும்மா. இங்க ஒரு அண்டா புக் பண்ணா அப்பவே குடோன்லயும் தெரிஞ்சிடும்” என்றான் பையன்.

இது இல்லாமல்தானே அன்று நாம் தலைகுனிந்தோம்.

எழுபதுகளில் உங்களுக்குத் தேரடிப் பக்கம் கடை, எனக்கு ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் வீடு. பாத்திரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில். நடுவே போன் கிடையாது, உங்கள் சைக்கிள்தான். உங்களுக்கோ ‘இல்லை’ என்ற சொல்லே வாயில் வராது. கேட்டவருக்கெல்லாம் தலையாட்டிவிடுவீர்கள். வீட்டு வாசலுக்கே வந்து கேட்பவர்களுக்கு நானும் வண்டி ஏற்றி அனுப்பிவிடுவேன். அங்கே நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது, இங்கே நான் கொடுத்தது உங்களுக்குத் தெரியாது.

அந்த ஆவணி முகூர்த்தத்தை மறக்க முடியுமா? பெரிய அண்டாக்களை அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணத்துக்கு நான் அனுப்பிவிட்டேன். அதே அண்டாக்களை டவுனில் இன்னொரு பெண்ணின் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்தீர்கள். விடிந்ததும் அந்தப் பெண்ணின் அப்பா மாட்டுவண்டியோடு வந்து நின்றார். கொட்டகை காலி. அவர் கோபப்படவில்லை. “உங்க வார்த்தைய நம்பி வேற எங்கயும் கேக்கலீங்க” என்றார். வீடு வீடாகப் போய்ப் பானையும் குண்டானுமாக வாங்கிக் கொடுத்தோம். பந்தி தாமதமாகி, மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் கைகூப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அன்று நீங்கள் சாப்பிடவேயில்லை. “என் பேச்சுக்கு இனிமே மரியாதை இல்ல. கடைய மூடிடலாம்” என்றீர்கள். உங்களை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் இருவரும் பேசிப் பேசி ஒரு வழி கண்டோம். காலி எண்ணெய் டின்னை வெட்டிப் பெரிய பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு செய்து, ஆணியால் எண் குத்தினீர்கள். தகடுகள் கடைச் சுவரில் ஆளுக்கொரு ஆணியில் தொங்கும். வாக்குக் கொடுத்தால் தகட்டைக் கழற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கொண்டுவந்து என்னிடம் தராமல் நான் கொட்டகையைத் திறக்கக் கூடாது. பாத்திரம் திரும்பி வந்து, கரி போகத் தேய்த்துக் கவிழ்க்கும்வரை தகடு என்னிடமே இருக்கும். தகடு சுவரில் இருந்தால் சரக்கு வீட்டில், என் கையில் இருந்தால் சரக்கு வெளியே.

உங்கள் தங்கையைக்கூட நான் விடவில்லை. “எனக்கேவா அண்ணி?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்த் தகடு வாங்கி வந்தாள். உங்களுக்கும் நிம்மதி. வெறும் ஆணியைக் காட்டினால் போதும், ‘இல்லை’ என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்திலும் நம்மால் அடுப்பு காத்திருக்கவில்லை. வியாபாரமும் வளர்ந்தது, வெளியூர்களிலும் பேசப் போனீர்கள்.

“அண்டா எங்க இருக்குனு தெரியுது, நீங்க எங்க இருக்கீங்கனுதான் தெரியல” என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். உடனே எண் இல்லாமல் ஒரு தகடு வெட்டினீர்கள். “இது நான். வெளிய போனா உன்கிட்ட குடுத்துட்டுப் போறேன், வந்து வாங்கிக்கிறேன்.” திரும்பி வந்ததும் கை நீட்டுவீர்கள். நான் சும்மா தருவேனா? “கரி போகத் தேச்சாச்சா?” என்பேன். சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போவீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் கார் வந்தது. அன்றும் முகூர்த்தம். உங்கள் தம்பி துணைக்கு ஏறிக்கொண்டார், என்னைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். அந்தத் தகட்டை என் உள்ளங்கையில் வைத்து மூடி, “வந்து வாங்கிக்கிறேன்” என்றீர்கள்.

இந்தக் கம்ப்யூட்டர் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் தகட்டுக்கு வருகிற முகூர்த்தம் மட்டும்தான் தெரியும், இதற்குத் தை மாதம் வரைக்கும் தெரிகிறது. எந்தப் பெண்ணின் அப்பாவும் இனி வெறும் வண்டியோடு திரும்ப மாட்டார். அந்தப் பையன் பழைய தகடுகளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் பதிந்தான். என் கையிலிருந்ததைப் பார்த்து நம் மகன் கேட்டான், “இது எதும்மா? நம்பரே இல்ல.”

“அது சரக்கு இல்லடா” என்று பைக்குள் போட்டு முடிந்துகொண்டேன்.

மற்ற தகடுகளெல்லாம் மூட்டையாகிப் பரணுக்குப் போய்விட்டன. இது மட்டும் என்னிடம் இருக்கிறது. நம் வழக்கப்படி, தகடு என் கையில் இருக்கிறவரைக்கும் நீங்கள் வெளியே போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.